வீட்டில் சொன்னால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிவந்து குடிசை கட்டுவார். உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று வேளைக்கு ஒன்றாக உள்ளே போகும். மண்டபம் பிடித்து, சீர்வரிசைத் தட்டுகளை மேளதாளத்தோடு கொண்டுவந்து, பெண்ணின் படத்தை ஆளுயரத்துக்குப் போட்டு முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் கட்டுவதும் இன்று சாதாரணம். இத்தனை பேர் கூடி, இத்தனை செலவு செய்து அறிவிக்கும் செய்தியை அந்தப் பெண்ணுக்கு விளக்கிச் சொல்ல மட்டும் பல வீடுகளில் ஆள் இருப்பதில்லை. ரத்தம் ஏன் வருகிறது, இனிமேல் உடம்பில் என்னென்ன மாறும், கரு எப்படி உண்டாகிறது என்று அவள் கேட்க நினைப்பதற்கெல்லாம் "இனிமே பசங்களோட விளையாடாத", "பொழுது சாஞ்சா வெளிய நிக்காத" என்பவைதான் பதில்.

பையன்களுக்கு அந்தப் பதிலும் கிடையாது. குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, ஒருநாள் தூக்கத்தில் விந்து வெளியேறி அவன் பயந்துபோய் எழுந்து உட்காருகிறான். அப்பாவிடம் கேட்கிற வழக்கம் இல்லை. அம்மாவிடம் கேட்க வாய் வராது. மறுநாள் டியூஷனுக்குப் போகிற வழியில், தன்னைவிட ஒரு வயது மூத்தவனிடம் கேட்பான்.

பதின்வயதினரின் பாலியல் நலம் என்றதும் பலருக்கும் காதலும் கர்ப்பமும்தான் நினைவுக்கு வரும். விஷயம் அதைவிட விரிவானது. மாதவிடாய் நாள்களில் எதைப் பயன்படுத்துவது, தொடக்கூடாத இடத்தில் ஒருவர் தொட்டால் யாரிடம் சொல்வது, கைப்பேசியில் வந்த படத்தை என்ன செய்வது, ஒருவர் மீது ஆசை வந்தால் எதுவரை போவது, எப்போது வேண்டாம் என்பது, எந்த வயதில் திருமணம், எப்போது குழந்தை என எல்லாமே இதில் அடக்கம். இந்த முடிவுகளில் வீட்டாரின் பங்கு என்ன, நண்பர்களின் பங்கு என்ன என்று பல நாடுகளில் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். அந்த ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பது முக்கியம்தான். ஆனால், சிக்கல் என்று வந்தால் வீட்டில் வாய்திறக்க முடியுமா, திறந்தால் என்ன நடக்கும் என்று அந்தப் பிள்ளை போட்டுவைத்திருக்கும் கணக்கு அதைவிடப் பெரிய வேலையைச் செய்கிறது.

முதலில் நண்பர்களைப் பார்ப்போம். மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை ஆய்வு நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சிலும் சேர்ந்து 2006-07இல் ஆறு மாநிலங்களில் இளைஞர் ஆய்வு ஒன்றை நடத்தின. தமிழ்நாடும் அதில் ஒன்று. 50,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சந்தித்த அந்த ஆய்வில், பள்ளியிலோ வேறெங்கோ முறையான பாலியல் கல்வி பெற்றதாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம்தான். பெற்றோரோடு இதையெல்லாம் பேசியவர்கள் மிகமிகக் குறைவு. பெரும்பாலோருக்குத் தகவல் வந்த வழி நண்பர்களும் ஊடகமும்தான். அன்றைய ஊடகம் தியேட்டரும் டிவியும் பெட்டிக்கடையில் தொங்கிய புத்தகமும். இன்று அது கையிலேயே இருக்கிறது. 14 முதல் 18 வயதினரிடம் 28 மாவட்டங்களில் நடத்தப்பட்ட 2023ஆம் ஆண்டின் 'அசர்' கல்வி ஆய்வில், ஏறத்தாழ 90 சதவீதத்தினரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது, அதை இயக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்த ஆய்வுக்குத் தேர்வான மாவட்டம் பெரம்பலூர். ஆபாசப் படத்தைத் தேடிப் போகாத பையனுக்கும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அது தானாக வந்து சேர்கிறது.

நண்பர்கள் கெடுத்துவிடுவார்கள் என்பது பெற்றோர் வழக்கமாகச் சொல்வது. "நீயும் பண்ணுடா" என்று தூண்டுகிற நண்பன்தான் அவர்கள் மனதில் இருப்பவன். ஆய்வுகள் காட்டுவது இதிலிருந்து கொஞ்சம் வேறுபடுகிறது. 2015இல் டச்சு ஆய்வாளர்கள் இந்தப் பொருளில் வந்த 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நண்பர்களின் நேரடி வற்புறுத்தல், அவர்கள் எதைச் சரி என்று நினைக்கிறார்கள் என்பது, அவர்கள் எதைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது என மூன்றையும் தனித்தனியே அளந்தார்கள். பதின்வயதினரின் நடத்தையோடு அதிகம் ஒட்டிப்போனது மூன்றாவதுதான். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. நண்பன் உண்மையில் என்ன செய்கிறான் என்பது யாருக்குத் தெரியும்? அவன் செய்வதாக இவன் நம்புவதுதான் இங்கே கணக்கு. விடுதி அறையிலும் பேருந்துப் படிக்கட்டிலும் விடப்படும் அளப்புகளில் பாதிக்கு மேல் கற்பனை. கேட்டுக்கொண்டிருக்கும் பையனோ, எல்லோரும் எங்கோ போய்விட்டார்கள், தான் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறான்.

கூட்டம் சேர்ந்தாலே துணிச்சல் கூடுவதும் உண்மை. அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 2005இல் வெளியிட்ட சோதனையில் 306 பேர் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடினார்கள். தனியாக ஆடியபோது வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களும் எடுத்த அபாயத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பக்கத்தில் நண்பர்கள் இருந்தபோது இளையவர்கள் எடுத்த அபாயம் வெகுவாக ஏறியது. பெரியவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. தனியாக இருக்கும்போது நிதானமாக யோசிக்கிற பிள்ளைதான், ஆறு பேர் கூடிய இடத்தில் வேறு ஆளாகிறான். ஆணுறை, கர்ப்பம், நோய்த்தொற்று என்று வகுப்பில் மனப்பாடம் செய்தது அந்த நேரத்தில் எவ்வளவு உதவும் என்பது சந்தேகம்தான்.

நண்பர்கள் தரும் தவறான தகவலுக்கு நம் ஊரில் ஒரு சந்தையே இருக்கிறது. 'விந்து விட்டவன் நொந்து கெட்டான்' என்ற சொலவடையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த சமூகம் இது. கைப்பழக்கத்தால் நரம்பு தளரும், ஆண்மை போகும், பிள்ளை பிறக்காது என்று ஒருவனுக்கொருவன் பயமுறுத்திக்கொள்வார்கள். அந்தப் பயம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டிய சுவரொட்டியைப் படிக்க வைக்கும். இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் இன்ன நேரம்வரை வைத்தியர் இருப்பார் என்று அதில் போட்டிருக்கும். பாக்கெட் மணியைச் சேர்த்துவைத்துப் போகிற பையன், லேகியமும் பொடியும் வாங்கிக்கொண்டு முன்னைவிட அதிகப் பயத்தோடு திரும்புவான். விந்து வெளியேறுவதால் உடல் அழிகிறது என்ற இந்த அச்சத்தை 1960இலேயே மனநல மருத்துவர் என்.என்.விக் 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டு விவரித்தார். சுய இன்பத்தால் உடலுக்குக் கேடில்லை என்று வீட்டில் ஓர் அண்ணனோ சித்தப்பாவோ ஒரே ஒருமுறை சொல்லியிருந்தால், எத்தனையோ பையன்கள் தூக்கத்தைத் தொலைத்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் நண்பர்களை வில்லன்களாக்கிவிட முடியாது. வகுப்பு நடுவில் நாள் வந்துவிட்டால் நாப்கின் தருவதும், சீருடையில் கறை பட்டவளைப் பின்னால் மறைத்து அழைத்துப்போவதும் தோழிதான். பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள் என்று 1098க்கு அழைப்பு வரும்போது, மறுமுனையில் பேசுவது பல தடவை அவளோடு படிக்கிற இன்னொரு பெண். வீட்டில் சொல்ல முடியாததை முதலில் கேட்பவர்கள் நண்பர்கள். கேட்டபின் என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல்.

இனி வீட்டுக்குள் வருவோம். பெற்றோர் பேசினால் பலன் உண்டா? லாரா விட்மன் குழுவினர் 52 ஆய்வுகளை, 25,000க்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளோடு தொகுத்து 2016இல் வெளியிட்டார்கள். பெற்றோர் பாலியல் பற்றிப் பேசிய வீடுகளின் பிள்ளைகள், பாலுறவு கொள்ளும் நிலை வரும்போது ஆணுறையோ வேறு கருத்தடையோ பயன்படுத்தும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பலன் சிறியதுதான், ஆனால் உறுதியானது. மகள்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. பேசியவர் அம்மா என்றால் இன்னும் கூடுதல். அப்பாக்களின் பேச்சு ஏன் அவ்வளவு எடுபடவில்லை என்று கேட்டால், பெரும்பாலான அப்பாக்கள் பேசுவதே இல்லை என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பேசினால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. உலகெங்கும் நடந்த பாலியல் கல்வித் திட்டங்களைப் பரிசீலித்து யுனெஸ்கோ 2018இல் புதுப்பித்த வழிகாட்டி, அவை பாலுறவை முன்கூட்டியே தொடங்க வைப்பதில்லை என்றே சொல்கிறது. இருந்தும் பேச்சு என்றாலே எச்சரிக்கை என்று நாம் புரிந்துகொண்டிருக்கிறோம். "தலை குனியற மாதிரி எதுவும் பண்ணிடாத" என்பது பேச்சு இல்லை. அந்த வாக்கியத்திலிருந்து ஒரு பெண் தெரிந்துகொள்வது ஒன்றே ஒன்றுதான்: ஏதாவது ஆகிவிட்டால் இவர்களிடம் வரக் கூடாது.

சுவீடனில் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் நிதானமாகப் பார்ப்பது நல்லது. பிள்ளை எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான் என்று அறிந்துவைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் வம்பில் மாட்டுவது குறைவு என்று அதற்குமுன் வந்த ஆய்வுகள் சொல்லியிருந்தன. எனவே கண்காணியுங்கள் என்று நிபுணர்கள் அறிவுரை கூறிவந்தார்கள். இவர்கள் இருவரும் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்கள். அந்தப் பெற்றோருக்கு அந்த விவரம் எப்படித் தெரிந்தது? 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களின் பெற்றோரையும் விசாரித்தபோது கிடைத்த விடை, பெரும்பாலும் பிள்ளைகளே சொன்னதால் தெரிந்தது என்பதுதான். துருவித் துருவிக் கேட்பதாலும் கட்டுப்பாடு போடுவதாலும் பெற்றோருக்குக் கிடைத்த தகவல் அதைவிடக் குறைவு. மகளின் கைப்பேசியைப் பிடுங்கிப் பார்க்கிற அம்மாவுக்கும், பள்ளி வாசலில் மறைந்து நின்று பார்க்கிற அண்ணனுக்கும் இந்த முடிவைப் படித்துக் காட்ட வேண்டும்.

எல்லாப் பண்பாட்டிலும் இது ஒரே மாதிரி இல்லை. சமூகவியலாளர் ஏமி ஷாலெட் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் 130 பெற்றோரையும் பதின்வயதினரையும் சந்தித்து 2011இல் ஒரு நூல் வெளியிட்டார். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையின் காதலைப் பெரும்பாலான அமெரிக்கப் பெற்றோர் வீட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். டச்சுப் பெற்றோரில் பலர் அந்தப் பையனையோ பெண்ணையோ வீட்டுக்கு வரச் சொல்லி, சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துப் பழகினார்கள். பதின்வயதுத் தாய்மை நெதர்லாந்தில் அமெரிக்காவைவிடப் பன்மடங்கு குறைவு. டச்சு வீட்டை அப்படியே தூக்கிவந்து மதுரையில் வைக்க முடியாது, வைக்க வேண்டியதும் இல்லை. மகளுக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது என்பதை அம்மா அறிந்திருப்பது மகளுக்குப் பாதுகாப்பு என்ற செய்தி மட்டும் மதுரைக்கும் பொருந்தும்.

நம்மிடமும் ஓர் ஏற்பாடு இருந்தது. அம்மாவிடம் பேச முடியாததை அத்தையிடம், மதினியிடம், கல்யாணமான அக்காவிடம், கேலிபேசும் அப்பத்தாவிடம் பேசலாம். பெற்ற தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இருந்த கூச்சத்தை இந்த உறவுகள் தாண்டின. உகாண்டாவின் புகாண்டா மக்களிடம் இதற்கென்றே 'செங்கா' என்று ஒருவர் உண்டு. அப்பாவின் சகோதரியான அவர்தான், வளர்ந்த பெண்ணுக்கு உடலையும் உறவையும் பற்றிச் சொல்லித்தர வேண்டியவர். அங்கே எய்ட்ஸ் பரவிய காலத்தில் இந்தப் பழைய வழியைத் தடுப்புப் பணிக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். நம் ஊர் அத்தைக்கு அப்படி முறையான கடமை இல்லை. அவர் சொல்லித்தந்ததும் எல்லாமே சரியானதாக இருந்திருக்காது. ஆனாலும் நகரத்தில் இரண்டு அறை வீட்டில் அப்பா, அம்மா, ஒரு பிள்ளை என்று சுருங்கிய குடும்பத்தில், அந்த நடு ஆள் இல்லாமல் போனது ஓர் இழப்பு. அவருடைய இடத்தில் கைப்பேசி வந்து உட்கார்ந்திருக்கிறது.

குடும்பமே ஆபத்தாகும் இடமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கேள்வியை முழுமையாகப் பார்க்க முடியாது. மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளைச் சந்தித்தார்கள். அவர்களில் 53 சதவீதத்தினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது குழந்தை நம்பிய பொறுப்பில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை. மாமா என்றும் அண்ணன் என்றும் அழைக்கப்பட்டவர்தான் தொட்டவர் எனும்போது, சொன்னால் வீட்டில் நம்புவார்களா என்ற சந்தேகம் அந்தக் குழந்தைக்கு வருவது இயல்பு. "அவரப் போய் அப்படிச் சொல்லலாமா" என்ற ஒரே வாக்கியத்தில் அந்த விஷயம் அடங்கிப்போன வீடுகள் ஏராளம். சிறுவயதில் நம்பப்படாத பிள்ளை பதினைந்து வயதில் காதலன் மிரட்டினாலும், படத்தை வெளியிடுவேன் என்று ஒருவன் பணம் கேட்டாலும் வீட்டுக்கு வராது.

தண்டனை பயமும் சேர்ந்துகொள்கிறது. தமிழ் வீடுகளில் ஒரு பெண்ணின் காதல் தெரியவந்தால் அடுத்து நடப்பது என்ன? முதலில் அடி. பிறகு கைப்பேசி போகும். அப்புறம் பள்ளி நிற்கும். பிறகு அவசர அவசரமாக ஒரு மாப்பிள்ளை. பையன் வேறு சாதி என்றால் விளைவு இன்னும் பயங்கரம். ஆணவக் கொலைகள் வரைக்கும் அது போகும் என்று இங்கே வளர்கிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது அந்த வரிசையில் போலீஸ் நிலையமும் சேர்ந்துவிட்டது. 2012இன் போக்சோ சட்டம் சம்மத வயதை 16இலிருந்து 18ஆக உயர்த்தியது. குழந்தைகளைக் காக்க வந்த அந்தச் சட்டத்தை, மகளின் காதலை முறிக்கவும் பெற்றோர் கையிலெடுக்கிறார்கள். பெங்களூருவின் 'என்ஃபோல்ட்' அமைப்பு அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் 2016 முதல் 2020 வரை வந்த 7,064 போக்சோ தீர்ப்புகளைப் படித்தது. அவற்றில் 1,715 வழக்குகள், அதாவது நான்கில் ஒன்று, காதல் உறவு சம்பந்தப்பட்டவை. அந்த வழக்குகளில் சுமார் 80 சதவீதத்தைப் பதிவு செய்தவர்கள் பெண்ணின் பெற்றோரும் உறவினரும்.

சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கவனித்தது. 2019இல் நீதிபதி வி.பார்த்திபன் சம்மத வயதை 16ஆகக் குறைப்பது பற்றி யோசிக்கலாம் என்றார். 2021 ஜனவரியில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், காதல் உறவில் இருந்த ஓர் இளைஞர் மீதான வழக்கை ரத்து செய்து, இப்படிப்பட்ட இளைஞர்களைக் குற்றவாளிகளாக்குவது சட்டத்தின் நோக்கமாக ஒருபோதும் இருக்கவில்லை என்று விளக்கினார். சட்ட ஆணையமோ 2023இல் தந்த 283ஆவது அறிக்கையில் வயதைக் குறைக்க வேண்டாம் என்றது. 16 முதல் 18 வயதுவரையுள்ளோர் வழக்குகளில் நீதிபதிகளுக்குச் சற்று இடம் தரலாம் என்று மட்டும் சொன்னது. சம்மத வயது எதுவாக இருக்க வேண்டும் என்பதில் நேர்மையான கருத்து வேறுபாடுகள் உண்டு. அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாத ஒரு பெண் எங்கோ இருக்கிறாள். நாள் தள்ளிப்போயிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் சட்டப்படி போலீசுக்குத் தகவல் போகும். பதினெட்டு ஆகாதவள் என்பதால் கருக்கலைப்புக்குக் காப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். எனவே அவள் தோழியிடம் சொல்கிறாள், தோழி வேறொருவரிடம் விசாரிக்கிறாள், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிவருகிறார்கள். ரத்தப்போக்கு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு வரும்போது வாரங்கள் கடந்திருக்கும். இந்தப் பயத்தைக் குறைக்கத்தான் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளது காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்றது. அந்தத் தீர்ப்பு இருப்பது எத்தனை தாய்மாருக்குத் தெரியும்?

பதின்வயதுக் கர்ப்பம் என்றால் திருமணத்துக்கு வெளியே நடப்பது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்தியாவில் அதன் பெரும்பகுதி திருமணத்துக்கு உள்ளேதான். 2019-21இன் தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதத்தினர் 18 ஆகுமுன் மணமானவர்கள். முந்தைய ஆய்வில் இது 16.3ஆக இருந்தது. குழந்தைத் திருமணம் இப்படிக் குறைந்த அதே காலத்தில், 15 முதல் 19 வயதில் தாயானவர்கள் அல்லது கருவுற்றிருந்தவர்கள் 5 சதவீதத்திலிருந்து 6.3 சதவீதமாக ஏறினார்கள். இங்கே முடிவெடுப்பது அந்தப் பெண்ணே இல்லை. கல்யாணமாகி மூன்றாம் மாதமே "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கிற மாமியாரும், நாத்தனாரும், பக்கத்து வீட்டுக்காரரும்தான் முடிவெடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 58 சதவீதத்தினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். முதலில் பிள்ளைகளைப் பெற்றுவிடு, பிறகு ஆபரேஷன் செய்துகொள் என்பதுதான் வழக்கம். முதல் குழந்தையைத் தள்ளிப்போடலாம் என்ற யோசனையைப் பதினேழு வயது மருமகள் வாய்விட்டுச் சொன்னால், வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஒருபால் ஈர்ப்புள்ள பிள்ளைகளுக்கு வீட்டின் எதிர்வினை உயிர்ப் பிரச்சினையாகிறது. அமெரிக்காவில் கெய்ட்லின் ரயன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பதின்வயதில் குடும்பத்தால் கடுமையாக ஒதுக்கப்பட்டவர்கள், அப்படி ஒதுக்கப்படாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். பாதுகாப்பற்ற உடலுறவு கொள்ளும் வாய்ப்பு அவர்களிடம் 3.4 மடங்கு அதிகம். மதுரையிலிருந்து வந்த இரண்டு இளம்பெண்கள் தொடர்பான வழக்கில் 2021 ஜூனில் தீர்ப்பளிக்குமுன், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து இதைப் பற்றிக் கற்றுக்கொண்டார். பாலியல் ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் 'சிகிச்சை'களுக்கு அந்தத் தீர்ப்பு தடை விதித்தது. உயர் நீதிமன்ற நீதிபதியே கற்றுக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார் என்பது பெற்றோருக்குத் தெம்பு தர வேண்டிய செய்தி.

நண்பர்களின் செல்வாக்கை நல்ல வழிக்குத் திருப்ப முடியாதா என்று அரசுகளும் அமைப்புகளும் முயன்றிருக்கின்றன. அமெரிக்காவில் திருமணம்வரை உடலுறவு வேண்டாம் என்று பிள்ளைகள் கூட்டாக உறுதிமொழி எடுக்கும் இயக்கம் 1990களில் பரவியது. பீட்டர் பேர்மனும் ஹன்னா புரூக்னரும் 2001இல் அதை ஆராய்ந்தபோது விசித்திரமான ஒன்று தெரிந்தது. உறுதிமொழி எடுத்தவர்கள் பள்ளியில் சிறு குழுவாக இருந்த இடங்களில், அவர்கள் முதல் உறவைத் தள்ளிப்போட்டார்கள். எல்லோரும் எடுத்துக்கொண்ட இடத்தில் அதற்கு மதிப்பே இல்லாமல் போனது. உறுதிமொழியை மீறியவர்கள் கருத்தடை பயன்படுத்துவதும் குறைவாக இருந்தது. தவறு என்று தானே அறிவித்துவிட்ட ஒன்றுக்கு முன்னேற்பாடு செய்துகொள்வது எப்படி?

இந்தியா வேறு வழியைத் தேர்ந்தது. 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம், கிராமந்தோறும் 'சாத்தியா' என்ற பெயரில் நண்பர்-கல்வியாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசனை மையங்களும் வந்தன. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மையம் பல இடங்களில் வெளிநோயாளிகள் வரிசைக்குப் பக்கத்து அறை. சொந்த ஊர் ஆஸ்பத்திரியில், அம்மாவின் தோழி ஊசி போட வரிசையில் நிற்கும்போது, பதினைந்து வயதுப் பெண் அந்தக் கதவைத் தட்டுவாளா?

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் நடந்த 'சேஹர்' சோதனை கூடுதல் நம்பிக்கை தருகிறது. சுமார் 75 அரசுப் பள்ளிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவில் வெளியிலிருந்து வந்த பயிற்சி பெற்ற ஆலோசகரும், இன்னொன்றில் பள்ளி ஆசிரியரும் ஒரே திட்டத்தை நடத்தினார்கள். மாணவர் குழுக்கள், சுவர்ப் பத்திரிகை, மனதில் உள்ளதை எழுதிப் போடும் பெட்டி, தனிப்பட்ட ஆலோசனை எல்லாம் அதில் இருந்தன. 2018இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வந்தன. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் வன்முறையும் குறைந்தன, இனப்பெருக்க நலம் பற்றிய அறிவு கூடியது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் பலன் ஏதும் தெரியவில்லை. அதே பாடம், அதே பெட்டி. மதிப்பெண் போடுகிற கையிடம் மனதைத் திறக்கப் பிள்ளைகள் தயாராக இல்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டிலும் 14417 என்ற உதவி எண்ணும், அதன்பின் 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டிகளும் பள்ளிகளுக்கு வந்தன. பெட்டியைத் திறந்து படிப்பவர் யார் என்பதில்தான் அவற்றின் பயன் இருக்கிறது.

பள்ளியில் முறையாகச் சொல்லித்தரலாம் என்றால் அரசியல் குறுக்கே வருகிறது. 2007இல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை நிறுத்திவைத்தன. 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டாம் என்றது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தைகளை வைத்து எடுக்கப்படும் ஆபாசப் படங்கள் தொடர்பான தீர்ப்பில், பாலியல் கல்வி பற்றிய தவறான எண்ணங்களைப் பட்டியலிட்டு, விரிவான கல்வித் திட்டம் ஒன்றை வகுக்கக் குழு அமைக்கலாம் என்று அரசுக்கு யோசனை சொன்னது.

பெற்றோரை ஒதுக்கிவிட்டு எதையும் செய்ய முடியாது என்பதற்கு நம் அண்டை மாநிலத்தில் கசப்பான பாடம் இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசியை 2009-10இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சோதனைத் திட்டமாகச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். விடுதிப் பிள்ளைகள் பலருக்கு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவர்கள் பெற்றோர் அல்ல, விடுதிக் காப்பாளர்கள். சில சிறுமிகள் இறந்தார்கள். அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் இல்லை என்று விசாரணையில் சொல்லப்பட்டது. ஆனால் கேட்காமல் போட்டார்கள் என்ற கோபம் அடங்கவில்லை. 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. 2013இல் நாடாளுமன்றக் குழு ஒப்புதல் பெற்ற விதத்தைக் கடுமையாகச் சாடியது.

அதே தடுப்பூசியை 14 வயதுப் பெண்களுக்குப் போடத் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் அறிவித்தது. "எதுக்கு இந்த ஊசி, வயசுப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் வரும். உடலுறவு வழியே பரவும் ஒரு வைரஸைப் பற்றிச் சொல்லாமல் அதற்குப் பதில் தர முடியாது. கிராம சுகாதாரச் செவிலியர் அந்தப் பதிலைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், அம்மாவும் மகளும் சேர்ந்து கேட்கும்படி சொல்லலாம். படிவத்தைக் கொடுத்து அனுப்பிவிடாமல், அரை மணி நேரம் கேள்விகளுக்கு ஒதுக்கலாம். அந்தக் கூட்டம் அப்பாக்கள் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில் நடக்கக் கூடாது. ஆண் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அழைப்புப் போக வேண்டும்.